புளி மண்டியில் முதல் வாசிப்பு

ரியாசுதீனைக் கோழை என்று கள்ளக்குறிச்சியில் யாரும் சொன்னதில்லை. பத்தொன்பது வயதில் வீட்டுக்குச் சொல்லாமல் மெட்ராஸ் பஸ் ஏறியவர். அங்கே ஒரு சர்ச்சில் பியானோ பழகி, ஓட்டல்களில் சாப்பிட வருகிறவர்களுக்கு வாசித்து, பிறகு ஒன்பது வருஷம் பயணிகள் கப்பலில் ஜாஸ் வாசித்தபடி பாதி உலகத்தைச் சுற்றியவர். புயலில் கப்பல் ஒருபக்கமாகச் சாய்ந்தபோது பியானோவின் காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாராம். அவருடைய அண்ணன் ஜான் பாஷா அதைக் கடைத்தெருவில் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பார். தனக்குள் எவ்வளவு பயம் இருக்கிறது என்பது ரியாசுதீனுக்கே எண்பத்தேழாம் வருஷம் செப்டம்பரில்தான் தெரிந்தது. அப்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று.

கப்பல் நின்ற ஏதோ ஒரு துறைமுகத்தில், ஐம்பது பேர்கூடக் கொள்ளாத ஒரு அரங்கத்தில், அவர் ஒருநாள் பாட்டே இல்லாத ஒரு வாசிப்பைக் கேட்டார். மெட்டு கிடையாது. தாளம் வருகிறது, போகிறது. ஒருவர் கட்டுவதை இன்னொருவர் கலைக்கிறார். கலைத்ததிலிருந்து மூன்றாமவர் எடுக்கிறார். அன்றைக்குப் பிறகு அவருக்குக் கப்பல் வாசிப்பு கசந்துவிட்டது. மெட்ராஸுக்குத் திரும்பி அந்த மாதிரி ஒன்றைத் தானே எழுத உட்கார்ந்தார். சினிமா ரெக்கார்டிங்கில் வாசிக்கிறவர்களைக் கூப்பிட்டுப் பார்த்தார். தாளில் இருந்ததை ஒரு மயிரிழை பிசகாமல் வாசித்தார்கள். ‘இங்கே உங்கள் இஷ்டம்’ என்று எழுதியிருந்த இடம் வந்ததும் வாத்தியத்தை மடியில் வைத்துக்கொண்டு இவர் முகத்தைப் பார்த்தார்கள்.

அத்தா மௌத்தாகி, அடக்கத்துக்காக ஊருக்கு வந்திருந்தபோது கடைத்தெருவில் ஒரு சாவு போயிற்று. முன்னால் பேண்டு செட். அதில் ட்ரம்பெட் வாசித்த ஒல்லியான ஆள் ஒரு சினிமாப் பாட்டை எடுத்து இழுத்து முறுக்கிக்கொண்டே போனார். பாடை மார்க்கெட் முனை திரும்புவதற்குள் அது எந்தப் பாட்டு என்றே தெரியவில்லை. ரியாசுதீன் காலில் செருப்பில்லாமல் சுடுகாடு வரைக்கும் பின்னாலேயே போனார். அந்த ஆள்தான் பூமாலை. வடக்கனந்தல் பக்கத்தில் ஒரு கிராமத்துக் காலனிக்காரர்.

மற்ற மூவரும் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். கிளாரினெட்டுக்கு சுப்புராயன், பூமாலையின் கிராமத்திலேயே ஊர்த்தெருவில் கரும்பு வைத்திருந்தவர், கல்யாணங்களுக்கு வாசிப்பவர். அவரும் பூமாலையும் ஊருக்குள் பார்த்தால் பேசிக்கொள்ள மாட்டார்கள். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள். மத்தளத்துக்கு கல்வராயன் மலையிலிருந்து வேடியப்பன். ஆளுயர டபுள் பேஸ் வாத்தியத்துக்குப் பெரம்பூர் ரயில்வே காலனியிலிருந்து டெரன்ஸ். ஐந்தாவது ஆள் ரியாசுதீன், பியானோவில். அந்தப் பியானோவை மெட்ராஸிலிருந்து லாரியில் ஏற்றி வந்து அண்ணனுடைய புளி மண்டியில், மூட்டைகளுக்கு நடுவே போட்டிருந்தார்.

செப்டம்பர் இருபது, ஞாயிற்றுக்கிழமை, கல்யாண மண்டபத்தில் முதல் வாசிப்பு என்று நோட்டீஸ் அடித்தாகிவிட்டது. மெட்ராஸில் ஒரு வெளிநாட்டுக் கலாச்சார மையத்தின் நிர்வாகி கார் வைத்துக்கொண்டு வருவதாக எழுதியிருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் அடுத்தது மெட்ராஸ் மேடை.

சாமைக் கொல்லையை விட்டுவிட்டு வர முடியாது என்று வேடியப்பன் சொன்னதால் கடைசி ஒத்திகைக்கு எல்லோரும் மலைக்கே போயிருந்தார்கள். மூன்று நாள் வாசித்துவிட்டு, வேடியப்பனையும் ஏற்றிக்கொண்டு, பதினேழாம் தேதி வியாழக்கிழமை காலை வேனில் இறங்கினார்கள். டெரன்ஸ்தான் ஓட்டினார். அன்றைக்குச் சாலை மறியல் ஆரம்பம் என்று அவர்களுக்குத் தெரியும். படிப்பிலும் வேலையிலும் தனி ஒதுக்கீடு கேட்டு சுப்புராயனுடைய சாதிச் சங்கம் ஒரு வாரம் மறியல் அறிவித்திருந்தது. சுப்புராயனுக்கும் அதில் முழுச் சம்மதம். மகன் நல்ல மார்க் வாங்கியும் பாலிடெக்னிக்கில் இடம் கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தான். ஆனால் மறியல் பெரிய ரோட்டில்தான் இருக்கும், மலைரோட்டில் யார் வந்து உட்காரப் போகிறார்கள் என்று நினைத்தார்கள்.

கோமுகி அணையைத் தாண்டி இரண்டு வளைவு திரும்பியதும் ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம் கிடந்தது. அப்போதுதான் வெட்டியது, இலை வாடவில்லை. அதற்கு அந்தப்பக்கம் நாற்பது ஐம்பது பேர். கையில் கோடரி, கடப்பாரை, இரண்டு பேர் சேர்ந்து இழுக்கிற பெரிய ரம்பம். டெரன்ஸ் பிரேக் போடுவதற்குள் வேனைச் சுற்றிக்கொண்டார்கள்.

முன்னால் வந்தவர் சடையன். சுப்புராயனுடைய மனைவிக்கு அண்ணன், வேறு ஊர்க்காரர். மச்சானைப் பார்த்ததும் சுப்புராயன் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் சடையன் சிரிக்கவில்லை. விடியற்காலை போலீஸ் வந்து மரம் வெட்டியவர்களை அடித்துப் போட்டிருந்தது. போலீசுக்குத் தகவல் சொன்னது காலனி ஆட்கள்தான் என்று கூட்டத்தில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. அது உண்மையா என்று கேட்கிற நிலையில் அங்கே யாரும் இல்லை.

வேனுக்குள் தலையை விட்டு ஒவ்வொருவரிடமும் எந்த ஊர் என்று கேட்டார்கள். அடுத்து எந்தத் தெரு என்று கேட்டார்கள். எந்தத் தெரு என்றால் என்ன கேட்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். வேடியப்பன் மலை என்றார், விட்டார்கள். டெரன்ஸ் பெரம்பூர் என்றார், விட்டார்கள். பூமாலை கடைசி சீட்டில் ட்ரம்பெட் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“இந்த மூஞ்சிய எங்கியோ பாத்த மாரி கீது” என்றான் ஒருவன். “எந்தத் தெருய்யா நீ?”

பூமாலை வாயைத் திறந்தார். அதற்குள் ரியாசுதீன் முந்திக்கொண்டார். யோசித்துச் சொன்னதில்லை. நாக்கு தானாகப் புரண்டது.

“அவன் வசீம். எங்க சின்னம்மா புள்ள.”

கூட்டத்தில் ஒரு சிரிப்பு ஓடியது. பின்னாலிருந்து ஒரு குரல், வேட்டியை அவிழ்த்துப் பார்த்தால் பாயா இல்லையா என்று தெரிந்துவிடும் என்றது. இரண்டு பேர் வேனின் பின்கதவைத் திறந்தார்கள். ரியாசுதீனுக்குக் காதுக்குள் இரைச்சல் கேட்டது. விரல்கள் மரத்துப் போயின. பத்து விரலும் தன்னுடையதாகவே இல்லை. பூமாலை அசையவில்லை. பெட்டியின் மேலிருந்த அவர் கைகளில் மட்டும் நரம்பு புடைத்திருந்தது.

சுப்புராயன் கீழே இறங்கி மச்சான் முன்னால் நின்றார்.

“மச்சான், எம் புள்ள மேல சத்தியம். அவரு பாய் வூட்டு ஆளுதான்.”

சடையன் சுப்புராயனை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கையைக் காட்டினார். பின்கதவைத் திறந்தவர்கள் நகர்ந்தார்கள். வேன் போகக் கூடாது, ஆட்கள் நடந்து போகலாம் என்றார்.

பதினைந்து கிலோமீட்டர் நடந்தார்கள். டபுள் பேஸை டெரன்ஸும் வேடியப்பனும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டார்கள். வழியில் இன்னும் ஆறு மரம். ஒவ்வொரு மரத்தடியிலும் அதே கேள்வி. ஒவ்வொரு தடவையும் ரியாசுதீன் அதே பெயரைச் சொன்னார், சுப்புராயன் அதே சத்தியத்தைச் செய்தார். தன் ஊருக்குப் பிரியும் வண்டிப்பாதை வந்தபோது சுப்புராயன் திரும்பவில்லை. நான் போய்விட்டால் அடுத்த மரத்தில் யார் பதில் சொல்வது என்று மட்டும் சொன்னார். பூமாலை அந்தப் பாதையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே போனால் காலனிக்கு முன்னால் ஊர்த்தெருவைத் தாண்ட வேண்டும். மனைவி குஞ்சம்மாளும் இரண்டு பெண்களும் அந்தப்பக்கம் இருந்தார்கள். பிறகு மற்றவர்களோடு நடந்தார்.

கள்ளக்குறிச்சியில் கடைகள் அடைத்திருந்தன. ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்று ஜீப்பில் சொல்லிக்கொண்டு போனார்கள். மண்டியின் ஷட்டரை முழங்கால் அளவு தூக்கி ஜான் பாஷா அவர்களை உள்ளே இழுத்துக்கொண்டார். தம்பி விஷயத்தைச் சொன்னதும் அவருக்கு வேர்த்துவிட்டது. வெளியே தெரிந்தால் மண்டியைக் கொளுத்திவிடுவார்கள் என்றார். அவர் மனைவி மெஹ்ராஜ் பேகம் தட்டுகளை எடுத்து வைத்தபடி, தெரிந்தால்தானே, நாமும் வசீம் என்றே கூப்பிடுவோம் என்றார். அவர் நல்லதை நினைத்துத்தான் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் சோறு போட்டார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். பூமாலை ஒவ்வொரு தடவையும் ஒரு நொடி தாமதித்துத்தான் திரும்பிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை முழுக்க வதந்திதான் வந்துகொண்டிருந்தது. விழுப்புரம் பக்கம் துப்பாக்கிச் சூடு, பத்துப் பேர் செத்தார்கள், இல்லை இருபது பேர். டெலிபோன் வேலை செய்யவில்லை. மெட்ராஸ் கார் வராது என்பது தெளிவாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வாசிப்பு இல்லை என்று ரியாசுதீன் சொல்லிவிட்டார்.

அன்று பொழுது சாயும் நேரம் மண்டியின் பின்கதவைத் தட்டினார்கள். ஜான் பாஷா திறந்தார். தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு சடையன் நின்றார். துண்டில் ரத்தம் காய்ந்திருந்தது. மரத்தடிக்கு மறுபடியும் போலீஸ் வந்து தடியடி நடத்தியிருக்கிறது. பெயர் எழுதிக்கொண்டு தேடுகிறார்கள். மாப்பிள்ளை இங்கே இருப்பார் என்று வந்தேன், இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றார். ஜான் பாஷா அவரிடம் பன்னிரண்டு வருஷமாகப் புளி வாங்குகிறவர். முடியாது என்று எப்படிச் சொல்வார்? முடியாது என்றால் சந்தேகம் வராதா?

ஆக, பூமாலை யாருக்குப் பயந்து ஒளிந்திருந்தாரோ அவரும் அதே மண்டிக்குள் ஒளிய வந்துவிட்டார்.

ரியாசுதீன் அன்று தூங்கவில்லை. மறுநாள் காலையில் சடையன் தெம்பாக எழுந்து எல்லோரோடும் பேச்சுக் கொடுத்தார். பக்கத்தில் உட்கார்ந்து வசீம் பாய், வசீம் பாய் என்று பூமாலையிடம் ஊர்க்கதை கேட்டார். பூமாலை தொண்டை கட்டிவிட்டதாகச் சைகை காட்டினார். மதியம் பள்ளிவாசலில் பாங்கு சொன்னபோது சடையன் சாதாரணமாகத்தான் கேட்டார்.

“தொயுவப் போலியா பாய், ரெண்டு பேரும்?”

தெருவில் போலீஸ் இருக்கிறது, இங்கேயே தொழுதுகொள்கிறோம் என்றார் ரியாசுதீன். மூட்டைகளுக்குப் பக்கத்தில் பாயை விரித்தார். அண்ணனுடைய தொப்பியைப் பூமாலையின் தலையில் வைத்து, தான் ஒரு அடி முன்னால் நின்றார், பின்னால் இருப்பவர் பார்த்துச் செய்வதற்காக. கப்பலை விட்டு இறங்கிய பிறகு அவர் தொழுததே இல்லை. கையைக் கட்டியபோது ஓத வேண்டியது பாதி மறந்திருந்தது. குனிந்தார், பின்னால் வேட்டி சரசரத்தது. நெற்றியைத் தரையில் வைத்தபோது பூமாலையின் மூச்சு கேட்டது. அல்லாஹ்விடம் எதைக் கேட்பது என்று தெரியாமல், இந்த ஆள் தப்பாகக் குனிந்துவிடக் கூடாது என்று மட்டும் கேட்டார். முதுகில் சடையனின் பார்வை ஈரத்துணி மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

தொழுகை முடிந்ததும் பூமாலை அவரைப் பியானோவுக்குப் பின்னால் கூட்டிப்போனார். தொப்பியை எடுத்து மடித்து அவர் கையில் கொடுத்தார்.

“இன்னிக்கே வாசிச்சுடலாம் பாய். நாளைக்கின்னு சொல்லாதீங்க. ரெண்டு நாளா யாரோ மாரி தின்னுக்கினு தூங்கிக்கினு கீறேன். ட்ரம்பெட்டுலயாச்சும் நானா இருந்துக்கறேன்.”

சத்தம் கேட்டால் போலீஸ் வரும் என்று ரியாசுதீன் சொன்னார். வரட்டும் என்றார் பூமாலை. அந்த முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை. பல வருஷமாக எழுதியதை நாலு பேராவது கேட்க வேண்டும் என்ற ஆசையும் அவருக்குள் ஒரு ஓரத்தில் இருந்தது என்பதை மறைப்பானேன்.

சனிக்கிழமை மாலை நாலு மணி. ஷட்டர் இறக்கியிருந்தது, மேலே இருந்த கம்பி ஜன்னல் வழியாக வெயில் மூட்டைகளின் மேல் விழுந்தது. பின்சந்து வழியாக அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள், ஊரில் மாட்டிக்கொண்ட இரண்டு லாரிக்காரர்கள் என்று பதினைந்து பேர் வந்திருந்தார்கள். பரண்மேல் மெஹ்ராஜ் பேகமும் தெருப் பெண்கள் சிலரும். சடையன் ஒரு புளி மூட்டை மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்; அவரும் வேறு எங்கே போவார்?

ரியாசுதீன் எழுந்து நின்று, இது பாட்டு மாதிரி இருக்காது, பொறுத்துக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வாசிப்பவர்களின் பெயரைச் சொன்னார். மத்தளம், வேடியப்பன். டபுள் பேஸ், டெரன்ஸ். கிளாரினெட், சுப்புராயன். அடுத்து ட்ரம்பெட். பூமாலை அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை கேட்டது என்ன என்று ரியாசுதீனுக்குத் தெரிந்தது. மூட்டை மேல் இருந்த துண்டு கட்டிய தலையும் தெரிந்தது.

“ட்ரம்பெட், வசீம்” என்றார்.

மரத்தடியில் சொன்னதாவது உயிரைக் காக்கச் சொன்னது. இது அப்படியில்லை, பெயரே சொல்லாமல் ஆரம்பித்திருக்கலாம் என்பது சொன்ன கணமே அவருக்குத் தெரிந்துவிட்டது. பூமாலை மெதுவாக எழுந்தார்.

“எம் பேரு பூமாலை” என்றார். தன் கிராமத்தின் பெயரைச் சொன்னார். “காலனித் தெரு. எங்கப்பாவும் பேண்டுதான்.” சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

சடையன் மூட்டையிலிருந்து இறங்கினார். பூமாலையின் பக்கம் போகவில்லை. சுப்புராயன் முன்னால் போய் நின்றார்.

“புள்ள மேல சத்தியம் பண்ணியே மாப்ள.”

“ஆமா மச்சான், பண்ணேன்.” சுப்புராயன் தலையைக் குனியவில்லை.

சடையன் ஷட்டரை நோக்கி நடந்தார். தாழ்ப்பாளில் கை வைத்தார். திறந்து வெளியே போய் நாலு பேரைக் கூட்டி வர எவ்வளவு நேரமாகும் என்று ரியாசுதீன் மனசுக்குள் கணக்குப் போட்டார். அப்போது தெருவில் ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது, பூட்ஸ் காலடிகள். சடையனின் கை தாழ்ப்பாளிலேயே நின்றுவிட்டது.

அந்த நேரம் பார்த்து வேடியப்பன் மத்தளத்தில் முதல் அடியை அடித்தார். ஆரம்பிக்க வேண்டியது அவர்தான். பெயர் சொல்லி முடித்ததும் அடி என்று சொல்லியிருந்தார்கள். சொல்லி முடித்தாயிற்று, அவர் அடித்துவிட்டார். ஒரே அடி. நிறுத்தி, அது அடங்கும்வரை காத்திருந்து இன்னொன்று. டெரன்ஸ் வில்லை எடுத்து டபுள் பேஸின் அடித் தந்தியில் இழுத்தார். தரையிலிருந்த பலகை அதிர்ந்தது. இனி நிறுத்தவும் முடியாது. ரியாசுதீன் உட்கார்ந்து, இடது கையால் பியானோவுக்குள் தந்திகளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு வலது கையால் கட்டைகளைத் தட்டினார். மணி மாதிரி இருக்க வேண்டிய ஒலி மரத்தில் தட்டுகிற ஒலியாக வந்தது. சுப்புராயன் உள்ளே வந்தபோது மூச்சு சரியாக நிற்கவில்லை; கிளாரினெட் இரண்டு இடத்தில் கீச்சிட்டது. ஒத்திகையில் அது பிழை. அன்றைக்கு ரியாசுதீன் அந்தக் கீச்சலைப் பியானோவில் பிடித்து நீட்டினார். சுப்புராயன் அதையே திரும்ப வேண்டுமென்றே செய்தார். பயத்தைப் பயமாகவே வாசிக்கலாம் என்று அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

பூமாலைக்கு நாலே நாலு சுரம்தான் எழுதியிருந்தது. அதன் கீழே ‘உங்கள் இஷ்டம்’. அவர் அந்த நாலையும் ஒத்திகையில் கேட்டுப் பாடம் பண்ணியபடி ஒழுங்காக வாசித்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒரே சுரத்தைப் பிடித்தார். அதைவிட்டு நகரவில்லை. உடைத்தார், கரகரக்க வைத்தார், மூச்சு மட்டும் வரும் அளவுக்குத் தேய்த்து மறுபடியும் முழுசாக எழுப்பினார். பரண்மேல் ஒரு பெண் அழுகிற சத்தம் கேட்டது. லாரிக்காரர்களில் ஒருவர் காதைப் பொத்திக்கொண்டார். மற்ற நால்வரும் அவருக்குக் கீழே எதையாவது போட்டுத் தாங்கிக்கொண்டிருந்தார்கள், சரிகிற சுவருக்கு முட்டுக் கொடுப்பதுபோல. சடையன் ஷட்டரைப் பார்த்தபடி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கடைசிவரை திரும்பவில்லை.

முக்கால் மணி நேரம் ஆயிற்று; அதுவரை ஜீப், சத்தம் எங்கிருந்து என்று தெருவில் மேலும் கீழும் தேடிக்கொண்டிருந்தது. முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. ஷட்டரைத்தான் தட்டினார்கள்.

ஜான் பாஷா தூக்கிவிட்டார். சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் குனிந்து உள்ளே வந்து, என்ன சத்தம், ஏன் கூட்டம் என்றார். கல்யாண ஒத்திகை என்று ஜான் பாஷா சொன்னார். போலீஸ்காரரின் கண் பக்கத்தில் நின்ற சடையனின் தலைக்கட்டில் விழுந்தது.

“இவன் யாரு? தலையில இன்னா கட்டு?”

எதிரில் நின்றவர் பூமாலை. கேள்வி அவரைப் பார்த்தே வந்தது. ரியாசுதீனுக்கு மறுபடியும் காதுக்குள் இரைச்சல். பூமாலை என்ன சொன்னாலும் குறை சொல்லத் தனக்கு வாயில்லை என்று நினைத்துக்கொண்டார். பூமாலை ட்ரம்பெட்டைக் கவிழ்த்து உள்ளே இருந்த எச்சில் நீரைத் தரையில் உதறினார். பதில் சொல்லவில்லை. ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை.

“மண்டி ஆளுங்க. மூட்ட சரிஞ்சு தலையில வியுந்துடுச்சு” என்று பரண்மேலிருந்து மெஹ்ராஜ் பேகத்தின் குரல் வந்தது.

ஐந்து நிமிஷத்தில் கூட்டம் கலைய வேண்டும் என்று சொல்லிவிட்டு சப்-இன்ஸ்பெக்டர் போனார். ஜீப் சத்தம் தேய்ந்ததும் சடையன் பின்கதவைத் திறந்துகொண்டு வெளியேறினார்.

அதற்குப் பிறகு வந்த நேரம்தான் எல்லாவற்றிலும் கொடுமை. ஆட்களோடு திரும்பி வருவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஜான் பாஷா தண்ணீர்க் குடங்களை நிரப்பிக் கதவோரம் வைத்தார். ரியாசுதீன் ஒவ்வொரு சைக்கிள் சத்தத்துக்கும் எழுந்தார். பூமாலை மட்டும் மூட்டையில் சாய்ந்து தூங்கிவிட்டார். யாரும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை பால்காரர்தான் சொன்னார். நேற்று சாயங்காலம் நாலரை ஐந்து மணி இருக்கும், பூமாலையின் காலனியைக் கொளுத்திவிட்டார்கள். இருபத்துமூன்று வீடு. இவர்கள் வாசித்துக்கொண்டிருந்த நேரம்.

பூமாலை சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். சுப்புராயன் கூடவே எழுந்தார். ரியாசுதீனும் கிளம்பினார், போகாதே என்று அண்ணன் கையைப் பிடித்தார், உதறிவிட்டுப் போனார். முதல் மரத்தடியில் தெரு கேட்டபோது பூமாலையே பதில் சொன்னார். எரித்துவிட்டார்கள், பார்க்கப் போகிறேன் என்றார். அங்கே இருந்தவர்கள் வழி விட்டார்கள். ஒருவர் தலையைக் குனிந்துகொண்டார்.

குஞ்சம்மாளும் இரண்டு பெண்களும் மக்காச்சோளக் கொல்லைக்குள் கிடைத்தார்கள். சின்னவளுக்குக் காலில் தீக்காயம். பூமாலை அவளைத் தூக்கிக்கொண்டு, சுவர் மட்டும் நின்ற தன் வீட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்தார். சுப்புராயன் பக்கத்தில் போகத் துணியாமல் வேலியோரம் நின்றார். சடையன் அன்றைக்குச் சாயங்காலம் தன்னைத் தேடி வந்ததையும், நான் அங்கே இருந்திருந்தால் கொளுத்த விட்டிருக்க மாட்டேன் என்று சொன்னதையும் அவர் பின்னாளில் ரியாசுதீனிடம் சொன்னார். அதை நம்பலாமா என்று அவருக்கே தெரியவில்லை. மகன் மேல் பொய்ச் சத்தியம் செய்ததற்காக அவர் மனைவி ஆறு மாதம் அவரோடு பேசவில்லை.

ரியாசுதீன் அந்தக் காலனிக்கு அதற்குப் பிறகு மூன்று தடவை போனார். முதல் தடவை அரிசியும் பாத்திரமும் கொண்டுபோனார். இரண்டாவது தடவைதான் வாய் வந்தது. மண்டியில் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்றார். பூமாலை தகரக் கூரைக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார்.

“ரோட்டுல நீங்க சொன்னதாலதான் உயிரோட கீறேன். அத மறக்கல. மண்டியில சொன்னதயும் மறக்கல பாய்.” அவ்வளவுதான். ஆணியைக் கேட்டுக் கை நீட்டினார். ரியாசுதீன் எடுத்துக் கொடுத்தார். இருட்டும்வரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வர முடியாமல் போன நிர்வாகி, இங்கேயே வந்து வாசியுங்கள் என்று எழுதியதில் அடுத்த பிப்ரவரியில் மெட்ராஸ் மேடை கிடைத்தது. பூமாலை வருவாரா என்று தெரியாமலேயே ரியாசுதீன் மூன்றாவது தடவை போய்க் கேட்டார். வருகிறேன் என்றார். ஆனால் அன்றைக்கு மண்டியில் வாசித்த அந்த ஒற்றைச் சுரத்தைத் தான் நினைவிலிருந்து தாளில் எழுதி வைத்திருப்பதாக ரியாசுதீன் சொன்னபோது, பூமாலை அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்கு அந்த இசைக் குறிகளைப் படிக்கத் தெரியாது. இருந்தாலும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இத எடுத்துடுங்க பாய். நாம வாசிச்சிக்கினு இருந்த நேரத்துல அங்க எங்க வூடு எரிஞ்சிக்கினு இருந்துது. எனக்குத் தெரியாது. தெரிஞ்ச பொறவு அத எப்படி வாசிப்பேன்?”

மெட்ராஸில் அந்த இடம் வந்தபோது பூமாலை வேறு ஏதோ வாசித்தார். மெல்லியதாக, தயக்கமாக, பாதியில் நின்று நின்று. மறுநாள் பத்திரிகையில் எழுதியவருக்கு மற்றதெல்லாம் பிடித்திருந்தது. ட்ரம்பெட் மட்டும் பலவீனம் என்று எழுதியிருந்தார். ரியாசுதீன் அதைப் பஸ்ஸில் படித்தார். பக்கத்தில் பூமாலை, மகளுக்கு வாங்கிய செருப்பு அளவு சரியாக இருக்குமா என்று பையைத் திறந்து மறுபடியும் பார்த்துக்கொண்டிருந்தார். ரியாசுதீன் பத்திரிகையை மடித்து சீட்டுக்கு அடியில் போட்டுவிட்டார்.